கைபேசியில் சொன்ன ஐந்தாம் வார்த்தை

குவைத்துக்கு வந்து பதினோரு வருடம் முடிந்துவிட்டது. சாப்பாடு பழகிவிட்டது, வெயில் பழகிவிட்டது, அரபியில் நாலு வார்த்தை சொல்லி வேலையை முடிக்கவும் பழகிவிட்டது. ஒன்று மட்டும் இன்னும் பழகவில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமை இங்கே வெள்ளிக்கிழமையில் வருகிறது. வார விடுமுறை அன்றுதான் என்பதால் சபை கூடுவதும் அன்றுதான். நிஜமான ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏதாவது ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏ.சி. பெட்டி கழுவிக்கொண்டிருப்பேன். ஊரில் இந்நேரம் கோயில் மணி அடித்திருப்பார்கள், என் மனைவி ரெஜினா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே போயிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். கையில் பிரஷ், வாயில் ஜெபம். வெள்ளிக்கிழமை ஆனால் இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ் ஏறுவேன். வந்த புதிதில் ஒரு பாகிஸ்தான்காரர் பஸ் ஓட்டுவார். என் வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டு, நான் சொல்லாமலே மசூதி வாசலில் வண்டியை நிறுத்தி, “ஜல்தி பாய், ஜல்தி” என்று, தொழுகைக்கு நேரமாகிவிட்டதுபோல் கையைக் காட்டி இறக்கிவிட்டார். அன்போடு செய்ததை எப்படி மறுப்பது? இறங்கி, அவர் வண்டி மறைகிற வரை நின்று, மீதி தூரத்தை வெயிலில் நடந்து கோயிலுக்குப் போனேன்.

அந்தக் கோயில் வளாகமும் ஊர்க்கோயில் மாதிரி இல்லை. மாடி மாடியாக அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு பாஷைக்காரர்கள் கூடுவார்கள். மலையாளம், தெலுங்கு, பிலிப்பைன்ஸ் பாஷை, அரபி, பெயர் தெரியாத இன்னும் பல. எங்களுக்கு மூன்றாவது மாடி, இரண்டரை மணி நேரம். முடிகிற நேரத்தில் அடுத்த பாஷைக்காரர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்றுகொண்டிருப்பார்கள். இங்கே ஆராதனையை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் வாலிபப் பிள்ளைகள்தான். பெரியவர்களுக்கு டூட்டி எப்போது விழும் என்று தெரியாது; அதனால் யார் இருக்கிறார்களோ அவர்கள் நடத்துவார்கள். ஒரு பத்தொன்பது வயதுப் பெண் ஆராதனை முறைமையை நடத்தி, ஜெபம் செய்து, அறிவிப்பும் வாசிப்பாள். அவள் சொன்னால் நான் எழுந்து நிற்பேன், அவள் சொன்னால் உட்காருவேன். ஒரு நாளும் எனக்கு அது குறையாகப் படவில்லை. இதை ஏன் முதலிலேயே எழுதுகிறேன் என்றால், இதே நான்தான் ஊரில் அப்படி ஒரு பெண்ணுக்கு வழி விடாமல் மூன்று வாரம் மல்லுக்கு நின்றேன்.

எங்கள் ஊர் வேப்பந்தட்டைப் பக்கம். பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி, யாராவது டூவீலரில் வந்தால் தொற்றிக்கொள்ள வேண்டும். மழையை நம்பிப் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற பூமி. கோயில் சின்னது, எழுபது எண்பது பேர் உட்காரலாம். பெரிய வெள்ளிக்கிழமை மட்டும் வாசல் வரை நிற்பார்கள். ஆண்டவர் சிலுவையில் தொங்கியபோது சொன்ன ஏழு வார்த்தைகளை, பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை, ஏழு பேர் ஒருவர் பின் ஒருவராக எடுத்துப் பேசுவார்கள். மற்ற சபைகளில் போதகர் யாரைச் சொல்கிறாரோ அவர் பேசுவார். எங்கள் ஊரில் அது குடும்பச் சொத்து மாதிரி. கோயில் கட்டின ஏழு குடும்பத்துக்கும் ஆளுக்கு ஒரு வார்த்தை. அப்பனுக்குப் பிறகு மூத்த மகன். ஐந்தாம் வார்த்தை, ஆண்டவர் தமக்குத் தாகம் என்று சொன்ன வார்த்தை, எங்கள் குடும்பத்துக்கு.

என் அப்பா அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தார். நாலு பக்கம். வருடா வருடம் அதேதான். எனக்குப் பத்தொன்பது வயதில், “இந்த வருசம் கடைசி பக்கத்த மட்டும் நான் படிக்கட்டாப்பா?” என்று கேட்டேன். “வயசு வரட்டும்டா. மொதல்ல பெஞ்சியப் பூராவும் எடுத்துப் போடு” என்றார். பெஞ்சு எடுத்துப் போட்டேன். என்னோடு பெஞ்சு தூக்கின மூன்று பேர் பிறகு திருப்பூருக்கும் சென்னைக்கும் போய், போன இடத்தில் வேறு சபைகளில் சேர்ந்துவிட்டார்கள். அங்கே ஒருவன் பாட்டு நடத்துகிறான் என்று கேள்விப்பட்டேன். எங்கள் ஊரில் அவன் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. நான் மட்டும் காத்திருந்தேன். அப்பா இறந்த பிறகு வந்த பெரிய வெள்ளியில் எனக்கு மைக் கிடைத்தது. அப்போது எனக்கு நாற்பது வயது. அடுத்த வருடம் விசா வந்துவிட்டது. ஆக, அந்தப் பீடத்துக்கு முன்னால் நேரில் நின்று நான் பேசியது ஒரே ஒரு முறை.

மற்றதெல்லாம் போனில். குவைத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் பெரிய வெள்ளி எனக்குத் தப்பாமல் கிடைத்தது. ஊரில் ஐந்தாம் வார்த்தை வருகிறபோது இங்கே பதினொன்றேகால் மணி இருக்கும். எங்கள் ஆராதனையிலிருந்து நழுவிப் படிக்கட்டுக்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு பேசுவேன். ஊரில் ரெஜினா எழுந்துபோய் போனை மைக்கில் வைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பதினோரு வருடம் இப்படி. ஒரு தடவை வளாகத்தைப் பார்த்துக்கொள்கிற எகிப்துக்காரர் ஜிர்ஜிஸ், நான் வேர்த்து விறுவிறுத்துப் பேசுவதைப் பார்த்துவிட்டு, பேசி முடித்ததும் பக்கத்தில் வந்து, “மதாம்? பிராப்ளம்?” என்று கேட்டார். வீட்டுக்காரியோடு சண்டை என்று நினைத்திருக்கிறார். இல்லை, பிரசங்கம் என்று எந்த பாஷையில் சொல்வது? வானத்தைக் காட்டினேன். அவர் இன்னும் பயந்துபோய், யாரோ இறந்துவிட்டார்கள் போல என்று என் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். என் அறையில் இருக்கிற அமானுல்லா பாய், லப்பைக்குடிக்காட்டுக்காரர், எனக்கு விசா எடுத்துக்கொடுத்த மனுஷர், அவரும் கேலி செய்வார். “என்ன தாஸண்ணே, இந்த வருசமும் போன்லதான் பயானா? ஊர்ல ஒரு ஆளுக்குக் கூடவா வாயில்ல?” என்பார். பிரசங்கத்துக்கு அவர்கள் பக்கம் பயான் என்று பேர். நான் சிரித்துக்கொள்வேன்.

இந்த வருடம் லெந்து நாட்களில், பெரிய வெள்ளிக்கு முந்தின நோன்புக் காலத்தில், ஊர்ப் போதகர் போன் செய்தார். சின்ன வயசுக்காரர், வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. சுகம் விசாரித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“அண்ணே, நம்ம வாலிபப் புள்ளைங்க பதினாலு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு லெட்டர் குடுத்துருக்காங்க. ஏழு வார்த்தையில ஒரு வார்த்தைய அவங்க பேசணும்ங்கிறாங்க. ஷீபாவ முன்னால நிறுத்துறாங்க.”

ஷீபாவை எனக்குத் தெரியும். வெங்காய மண்டியில் வேலை செய்கிற அம்மாவின் மகள். பெரம்பலூரில் காலேஜ் படிக்கிறது. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். கோயில் கட்டின குடும்பம் அல்ல, பிறகு வந்து சேர்ந்தவர்கள்.

“அதுக்கு நான் என்னங்கய்யா பண்ணணும்?” என்றேன்.

“எல்லார்ட்டயும் கேட்டாச்சுண்ணே. யாரும் விட மாட்டேங்கிறாங்க. தாஸ் ஊர்லயே இல்ல, அவருத குடுத்துக்கலாம்னு சொல்றாங்க.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஊரில் இருக்கிற ஆறு பேருக்கும் அவரவர் வார்த்தை வேண்டும். இல்லாதவனுடையதைப் பங்கு போடலாம் என்றால்? ஊரில் எனக்கு என்ன இருக்கிறது? கூட்டத்தில் ஓட்டு இல்லை. சாவுக்கும் கல்யாணத்துக்கும் என் முகம் இல்லை. வருடத்தில் கால் மணி நேரம் என் குரல் அந்தச் சுவரில் பட்டுத் திரும்புகிறது. அதுவும் போனால் நான் எங்கள் ஊர்க்காரன் என்பதற்கு என்ன அடையாளம்? இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. “எங்கப்பாவுக்கப்புறம் நான், எனக்கப்புறந்தான் மத்தவங்க. மாத்த முடியாதுங்கய்யா” என்று மட்டும் சொன்னேன்.

“அண்ணே, பெரம்பலூர்ல ஒரு புது சபைக்காரங்க வேன் அனுப்புறோம்னு இந்தப் புள்ளைங்கள கூப்புட்டுட்டே இருக்காங்க. அங்க போனா மைக்கு, கிடாரு எல்லாம் கையில குடுக்குறாங்களாம். இங்க இல்லன்னு ஆயிட்டா, பெரிய வெள்ளியோட அங்க போயிடுவோம்னு சொல்லிட்டாங்க. மெரட்டலா சொல்லல, அழுதுகிட்டே சொல்லுச்சு அந்தப் பொண்ணு. கொஞ்சம் ஜெபம் பண்ணிச் சொல்லுங்க.”

ஜெபம் பண்ணினேன். கர்த்தர் சாட்சி, பண்ணினேன். ஆனால் முழங்காலில் நின்று நான் கேட்டதெல்லாம், ‘ஆண்டவரே, என்னுடையதை என்னிடமிருந்து எடுத்துவிடாதேயும்’ என்பதுதான். பதில் சொல்லவும் அவருக்கு இடம் கொடுக்கவில்லை.

ஊர்ச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் அந்த மூன்று வாரமும் நெருப்பாக இருந்தது. ஆறாம் வார்த்தைக்குரிய ஞானமுத்து அண்ணன், கமிட்டியில் மூத்தவர், குரல் பதிவு போட்டார். “பெஞ்சி தொடைக்கிறதும் பாடுறதும் வாலிபர் வேல. பீடம் பெரியவங்களுக்கு. நாங்கள்லாம் அப்புடித்தான் வளந்தோம்.” அதற்குக் கீழே, சரியாகச் சொன்னீர்கள் என்பதுபோல், கைகூப்புகிற படம் ஒன்றை நான் போட்டேன். போட்ட கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குழுவிலிருந்து வெளியேறினார்கள். ஒரு பெயர், அடுத்த பெயர், அடுத்தது. ஏணி மேல் நின்றுகொண்டு அதைப் பார்த்தேன். குருத்தோலை ஞாயிறு அன்று ஓலை பின்ன ஆள் வரவில்லை என்று ரெஜினா சொன்னாள். ஞானமுத்து அண்ணனே முட்டிவலியோடு பெஞ்சு இழுத்துப் போட்டாராம்.

ரெஜினா அரியலூர்க்காரி. சிமெண்ட் லாரி ஓடுகிற ரோட்டோரத்தில் பிறந்து வளர்ந்தவள், அந்தச் சத்தத்துக்கு மேலே பேசியே பழகினவள். எங்கள் கோயிலுக்குள் நுழைந்தால் மட்டும் அவளுக்குச் சத்தம் எழும்பாது. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அப்படித்தான். பெரிய வெள்ளிக்கு நாலு நாள் இருக்கும்போது அவளிடம், “போன்ல சார்ஜ் போட்டு வச்சிக்க, நோட்ட எடுத்துட்டேன்” என்றேன். அவள் பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம்தான் வந்தது.

“என்னா, லைன்ல இருக்கியா?”

“இருக்கேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது.”

“சொல்லு.”

“போன வருசம் நீங்க பேசிட்டு இருந்தப்ப லைன் கட்டாயிடுச்சுங்க.”

“எப்போ? முடிச்சப்புறமா?”

“ரெண்டாவது பக்கத்துலயே.”

எனக்கு விளங்கவில்லை. போன வருடம் நான் கண்ணை மூடிக்கொண்டு நாலு பக்கமும் பேசி, ஆமென் சொல்லித்தான் கண்ணைத் திறந்தேன். போன் அணைந்திருந்தது. முடிந்ததும் அவள் வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, நல்லா இருந்துச்சு, எல்லாரும் அழுதாங்க என்று இவள்தான் சொன்னாள்.

“அப்போ நான் யார்கிட்ட பேசினேன்?” என்று கேட்டேன்.

“அது எனக்கு எப்புடித் தெரியும்? நான் மைக்குகிட்ட போன வச்சிகிட்டு, உள்ள சத்தம் இல்லாம, முழிச்சிகிட்டு நிக்கிறேன். கோயிலே என்னையப் பாக்குது. எனக்கு அங்கயே செத்துடலாம் போல ஆயிடுச்சு. அப்பத்தான் ஷீபா எழுந்திரிச்சி வந்து, நீங்க விட்ட எடத்துலேருந்து அப்புடியே சொல்லி முடிச்சிச்சு. ஒரு வார்த்த மாறல. சின்னதுலேருந்து வருசா வருசம் கேக்குதுல்ல.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க எவ்வளவு சந்தோசமா கேட்டீங்க. அங்க தனியா கெடக்குற மனுசன்கிட்ட எப்புடிச் சொல்றது? ஊருல எல்லாரும் உங்ககிட்ட சொல்ல வேணாம்னு பேசி வச்சிகிட்டோம். அந்தப் பொண்ணுந்தான்.”

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். என்மேல் இரக்கப்பட்டு ஒரு ஊரே ஒரு வருடம் பொய் சொல்லியிருக்கிறது. அதைவிட இன்னொன்றுதான் உறுத்தியது. அந்தப் பெண் என் மரியாதையைக் காப்பாற்றி, வெளியே மூச்சு விடாமல் இருந்திருக்கிறது. இந்த வருடம் அது வாய்விட்டுக் கேட்டபோது நான் கைகூப்புகிற படம் போட்டிருக்கிறேன். அன்று சாயங்காலமே போதகருக்குப் போன் செய்து, “ஷீபா பேசட்டுங்கய்யா” என்றேன்.

அதோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மறுநாளே நோட்டின் நாலு பக்கத்தையும் படம் எடுத்து ஷீபாவுக்கு அனுப்பி, இதைப் பார்த்துப் பேசும்மா, அப்பா எழுதினது என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் அது போன் செய்தது.

“மாமா, ரொம்ப நன்றி மாமா. ஆனா இது எனக்கு மனப்பாடமா தெரியும்.”

“அப்போ சரிம்மா, அதையே…”

“இல்ல மாமா. போன வருசம் உங்களுக்காக அதச் சொன்னேன். இந்த வருசம் நாங்க பதினாலு பேரும் உக்காந்து படிச்சி, ஜெபம் பண்ணி, நாங்களே எழுதியிருக்கோம். அதப் பேசுறேன் மாமா. தப்பா இருந்தா அப்புறமா திட்டுங்க.”

என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கே வியர்த்துவிட்டது.

பெரிய வெள்ளி வந்தது. ரெஜினாவிடம், “நீ ஒண்ணும் மைக்குகிட்ட போக வேணாம். உக்காந்த எடத்துல போன மடியில வச்சிக்க, ஸ்பீக்கர் போடாத. நான் கேக்குறேன்” என்று சொல்லியிருந்தேன். பதினொன்றேகாலுக்குப் படிக்கட்டுக்கு வந்து போனைக் காதில் வைத்தேன். அங்கே கோயிலில் பாட்டு முடிந்து பெஞ்சு கரகரப்பதும், ஒரு குழந்தை இருமுவதும் கேட்டது. பிறகு ஷீபாவின் குரல். முதலில் நடுங்கியது. ஆண்டவர் சிலுவையில் தாகம் என்று சொன்னபோது அவருடைய அம்மா அங்கே நின்றார்கள், அவருடைய சிநேகிதன் நின்றான், அவர்கள் கையில் தண்ணீர் இல்லை என்று ஆரம்பித்தது. அதுவரை நல்லபடியாக இருந்தது. பிறகு, காடி, அந்தப் புளித்த ரசம், அங்கே இருந்தது, பாத்திரம் நிறைய இருந்தது, கேட்டவருக்கு அதைத்தான் நீட்டினார்கள் என்றது.

“எங்க சபையில நாங்களும் ஒண்ணு கேட்டோம்” என்றது அடுத்து. “வேல வேணும்னு கேக்கல. வேல நெறைய இருக்கு. பெஞ்சி எங்களுது, வெளக்கமாறு எங்களுது, சீரியல் செட்டு எங்களுது. எங்க வாயால ஆண்டவரப் பத்தி ஒரு வார்த்த சொல்லணும்னு கேட்டோம். எங்களுக்கும் காடிதான் வந்துச்சு.”

இது என்னைத்தானே சொல்கிறது என்று ஒரு மனம். ஆமாம், உன்னைத்தான் என்று இன்னொரு மனம். பெஞ்சு ஒன்று பின்னால் நகர்ந்தது. ஞானமுத்து அண்ணன் குரல்.

“ஏ பாப்பா, போதும். பெரிய வெள்ளி அன்னிக்கி, ஆண்டவரு சந்நிதியில பெரியவங்கள ஏசுறதா? எறங்கு, உக்காரு.”

ஷீபா பேச்சை நிறுத்திவிட்டது. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் மைக்கில் வந்தது. போதகர் ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன், அவர் குரல் வரவில்லை. இன்னும் ஒரு நொடி போனால் அந்தப் பெண் இறங்கிவிடும். இறங்கினால் பதினாலு பேரும் அதன் பின்னால் வாசலைத் தாண்டிவிடுவார்கள். நான் குவைத்தில் நின்றுகொண்டு, “பேசட்டும்! அது பேசட்டும்ணே!” என்று கத்தினேன். என் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. மேலே கதவைத் திறந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். எங்கள் கோயிலில் ஒருவருக்கும் கேட்கவில்லை. போன் ரெஜினாவின் மடியில் இருந்தது, ஸ்பீக்கர் அணைத்திருந்தது. அப்படி வைக்கச் சொன்னவன் நான்தான்.

அப்போது போனில் சேலை உரசுகிற சத்தம் வந்தது. ரெஜினா எழுந்திருக்கிறாள். பிறகு அவள் குரல், அரியலூர் ரோட்டோரத்துக் குரல், காதைத் துளைத்தது.

“அண்ணே, நீங்க உக்காருங்க. அது எங்க வூட்டு வார்த்த. நாங்க அதுகிட்ட குடுத்தாச்சு. நீ பேசு பாப்பா.”

ஞானமுத்து அண்ணன் உட்கார்ந்தாரா, வெளியே போனாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பெஞ்சு மறுபடியும் கரகரத்தது, அவ்வளவுதான். ஷீபா தொண்டையைச் செருமிக்கொண்டு, “கோவத்துல சொல்லல தாத்தா, போறதா இருந்தா இதச் சொல்லியிருக்கவே மாட்டோம்” என்று சொல்லிவிட்டு மீதியைப் பேசியது. மீதியில் என்ன பேசியது என்று கேட்டால் எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. என் கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன. அப்பாவுக்குப் பிறகு இத்தனை வருடத்தில் ஐந்தாம் வார்த்தையை இன்னொருவர் சொல்லி நான் கேட்டதே இல்லை என்பது மட்டும் மனதில் ஓடியது.

முடிவில் போதகர் எல்லாரையும் முழங்காலில் நிற்கச் சொன்னார். ஊரில் அத்தனை பேரும் ஒன்றாக முழங்கால் போடுகிற சத்தம் தொம்மென்று காதில் விழுந்தது. என் கால்களும் மடங்கின. படிக்கட்டின் நடுவில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றேன். மேலே மூன்றாவது மாடியில் என் இங்கத்திய சபையின் பிள்ளைகள் பாட ஆரம்பித்திருந்தார்கள். ஷீபா ஜெபித்துக்கொண்டிருந்தது. ஆராதனை முடிந்து இறங்குகிற மலையாளக் குடும்பங்களும், ஏறுகிற பிலிப்பைன்ஸ்காரர்களும் நான் எதற்கு அங்கே மண்டியிட்டிருக்கிறேன் என்று தெரியாமல், என்மேல் கால் படாதபடி குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள்.